கட்டத்துக்குக் கீழே முகவரியையும் எழுதுங்கள்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



நம் பகுதிச் சுவர்களிலும் துண்டறிக்கைகளிலும் இன்று அறிவிப்பு என்றால் நாலு வரி, ஒரு தலைப்பு, அதற்கடியில் ஒரு கருப்பு வெள்ளைக் கட்டம். ‘விவரங்களுக்கு ஸ்கேன் செய்யவும்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் திறக்கும் பக்கங்களிலோ ‘இங்கே சொடுக்கவும்’ என்றிருக்கிறது. சொடுக்கினால் எங்கே போவோம் என்பது எழுத்தில் இல்லை. கியூஆர் கோடே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊருக்குப் பொதுவான எந்த அறிவிப்பானாலும் அதன் இணைய முகவரி கண்ணால் படிக்கும்படி எழுத்திலும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

இந்தக் கட்டம் பிறந்தது ஒரு தொழிற்சாலையின் தேவைக்காக. 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம், கார் உதிரிபாகங்களை விரைவாகக் கணக்கெடுக்க இதை உருவாக்கியது. இயந்திரம் படிப்பதற்கென்றே செய்யப்பட்டது. மனிதக் கண்ணுக்கு அதில் படிக்க ஒன்றுமில்லை. ‘காசிமேட்டில் மீன் விற்பவர்கள்கூட இதில்தானே பணம் வாங்குகிறார்கள், அப்புறம் என்ன சிரமம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பணம் கொடுக்கும் இடத்தில் ஸ்கேன் செய்கிற கைப்பேசியில்தான் பணமும் இருக்கிறது. அனுப்புமுன் வாங்குபவர் பெயரும் திரையில் வந்துவிடுகிறது. அறிவிப்பின் கதை வேறு. அதைப் படிக்கவேண்டிய இடம் பெரும்பாலும் கைப்பேசி இல்லை. கட்டத்துக்குப் பின்னால் இருப்பது யாருடைய பக்கம் என்று பெயர் சொல்லவும் ஆளில்லை.

நமக்கு முக்கியமான ஆவணங்களையே எடுத்துக்கொள்வோம். துறைமுக விரிவாக்கமோ அனல்மின் நிலையமோ வருவதாக இருந்தால், 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். அதற்கு 30 நாளாவது அவகாசம் தந்து நாளிதழ்களில் விளம்பரம் செய்யவேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும். முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைக் காட்டும் வரைபடத்தில் நெட்டுக்குப்பம் எங்கே, முகத்துவாரக்குப்பம் எங்கே, வலை போடும் இடம் எங்கே என்று உள்ளங்கை அகலத் திரையில் தேடிப் பார்த்தால் தெரியும் அந்தப் பாடு. நூலகத்திலோ, கல்லூரி லேபிலோ, இ-சேவை மையத்திலோ, பிரவுசிங் சென்டரிலோ பெரிய திரை முன்னால் நாலு பேர் கூடி உட்கார்ந்து படிக்கவேண்டியவை இவை. கட்டம் மட்டும் இருந்தால் முதலில் கைப்பேசியில் ஸ்கேன் செய்து, வந்த லிங்க்கைத் தனக்கே மெயில் அனுப்பி, பிறகு கம்ப்யூட்டரில் திறக்கவேண்டும். கட்டமே கம்ப்யூட்டர் திரையில் இருந்தாலோ, எதிரே ஓடிக்கொண்டிருக்கும் இணையத்தை விட்டுவிட்டு அந்தத் திரையை இன்னொரு கருவியால் படமெடுக்கவேண்டும். அதே பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஊர்ப் பஞ்சாயத்தில் கொடுத்தால் ‘இங்கே சொடுக்கவும்’ என்ற இரண்டு சொல்தான் மிஞ்சும். எழுதிய முகவரியைப் போனில் வாசித்துக் காட்டலாம், நோட்டில் குறித்துக்கொள்ளலாம். கட்டத்தை வாய்வழியாகச் சொல்லமுடியுமா?

அபாயம் சார்ந்த தகவல் என்றால் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஆபத்தான இரசாயனங்களைக் கையாளும் ஆலைகள் அவற்றின் அளவையும் தன்மையையும் முதன்மை வாயிலுக்கு வெளியே காட்டவேண்டும் என்று 2003 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருவில் நடந்துபோகிறவர் நின்று படிக்கவேண்டும் என்பதற்காகத்தான் வாயில். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறலோடு வீட்டைவிட்டு ஓடியவர்களுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது கேமராவைக் காட்டவேண்டிய படம் அல்ல. வேலைக்குப் போகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள்: எரிவாயுவும் பெட்ரோலியப் பொருள்களும் கையாளும் பகுதிகளுக்குள் கைப்பேசிக்குத் தடை. அங்கே பாதுகாப்பு அறிவிப்பில் கட்டத்தை மட்டும் ஒட்டுவது, கதவைப் பூட்டிச் சாவியைக் கேட்டுக்கு வெளியே வைப்பதற்குச் சமம்.

எழுதினால் முகவரி நீண்டுவிடும் என்பது அடுத்த மறுப்பு. அலுவலகம் நினைத்தால் தன் பெயரிலேயே சுருக்கமான முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அச்சில் ஒரு வரி கூடுவதால் செலவும் ஏறாது. கம்ப்யூட்டரிலேயே கட்டத்தைப் படிக்கும் வசதி வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது. ஆனால் அது இருப்பதையும் இயக்குவதையும் அறிந்தவர்களுக்கு மட்டுமா அறிவிப்பு? மவுஸை லிங்க் மேல் வைத்தால் அடியில் முகவரி தெரியும் என்பதும் உண்மை; சுருக்கிய லிங்க் என்றால் அங்கே தெரிவது இடைத்தரகரின் முகவரிதான், போய்ச் சேரும் இடம் அல்ல. மோசடிக்காரர்களுக்கு வசதியான இடமும் இதுவே. அசல் கட்டத்தின்மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அருகில் முகவரி எழுதியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழியாவது இருக்கும். பார்வையற்றவர்களுக்கோ, திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் விளக்கம் எழுதாத கட்டத்தை வெறும் படம் என்று சொல்லிக் கடந்துவிடும். லிங்க்குகளை மட்டும் வரிசையாகக் கேட்டால் ‘இங்கே, இங்கே, இங்கே’ என்றுதான் ஒலிக்கும். இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் மாற்றுத்திறனாளிகள் தொடுத்த வழக்கில்தான்.

அரசு அலுவலகங்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நம் சங்கங்களும் பள்ளிகளும் கோயில் விழாக் குழுக்களும் இதையேதான் செய்கிறோம். நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும்போது டிடிபி கடையில் இருப்பவரிடம், கட்டத்துக்குக் கீழே முகவரியை ஒரு வரியும் தொலைபேசி எண்ணை ஒரு வரியும் போடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் முழு முகவரியையே பகிருங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் 4(4) பிரிவு, அரசுத் தகவல்களை உள்ளூர் மொழியையும் அந்த வட்டாரத்தில் எது நன்றாகச் சென்றுசேரும் என்பதையும் கருதியே பரப்பவேண்டும் என்கிறது. வார்டு பகுதி சபைக் கூட்டத்தில் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த கருத்துக்கேட்பு விளம்பரம் நாளிதழில் வரும்போது அதை வெட்டி வையுங்கள். அறிக்கையின் முகவரி அதில் எழுத்தில் இல்லையென்றால், 30 நாள் கெடு ஓடத் தொடங்கிய அந்த வாரத்திலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு அஞ்சலட்டை போடுங்கள்.