அந்த வண்டி இதுவரை என்ன வேலை பார்த்தது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பசியாறிவிட்டுக் கை கழுவுவதற்குள் அக்கா மகன் வாசலில் வந்து நின்றான். கைப்பேசியை நீட்டினான். கறுப்பு நிறத்தில் ஒரு பிக்அப். தூக்கிக் கட்டிய உடம்பு, இடுப்பு உயரத்துக்கு டயர், கூரை மேல் வரிசையாக விளக்குகள்.

"மாமா, 3.2 எஞ்சின். 39,000 வெள்ளிதான் சொல்றாங்க. இன்னைக்கே முன்பணம் கட்டலன்னா வேற ஆளுக்குப் போயிடுமாம்."

"இன்னைக்கே" என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. காரணம், அந்தப் பணம் அவனுடையது அல்ல. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் செம்பனைக் குலை வெட்டிய என் அத்தானின் இபிஎஃப் பணத்தில் மிச்சம் இருப்பது 40,000 வெள்ளி. அதற்குப் பின்னால் வேறு பணம் இல்லை.

மருமகன் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அப்பாவும் மகனுமாக முப்பது ஆடு வளர்க்கிறார்கள். அரை ஏக்கரில் காய்கறி போட்டிருக்கிறார்கள். ஒரு கை டிராக்டரும் இருக்கிறது. பிக்அப் வந்துவிட்டால் ஆட்டுத் தீவனம் ஏற்றலாம், எரு விற்கலாம், வார இறுதியில் கை டிராக்டரை எடுத்துப்போய் அக்கம்பக்கத்தார் நிலத்தை உழுது கொடுத்து நாலு காசு பார்க்கலாம் என்பது அவன் திட்டம். நல்ல திட்டம்தான்.

அவனை உட்கார வைத்து என் பழைய கதையைச் சொன்னேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஒரு பிக்அப் வாங்கினேன். பளபளப்பான வண்டி, குறைந்த கிலோமீட்டர், இனிக்க இனிக்கப் பேசிய விற்பனையாளர். ஐந்தாவது மாதம் லாத்தார் நெடுஞ்சாலையில் ஆவி கிளம்பி நின்றுவிட்டது. எஞ்சினைத் திறந்து பார்த்தபோது சிலிண்டர் ஹெட் வெடித்திருந்தது. செலவு 9,000 வெள்ளி. மனைவியின் நான்கு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவற்றை மீட்க இரண்டு தீபாவளி ஆயிற்று.

அன்று ஃபோர்மேன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, இது முன்னாடி என்ன வேலை பார்த்த வண்டி?" எனக்குப் பதில் தெரியவில்லை. விலை தெரியும், வருஷம் தெரியும், மீட்டர் காட்டிய எண் தெரியும். அது மட்டும் தெரியாது. பிறகு விசாரித்ததில், கட்டுமான இடத்தில் மண் டிரெய்லர் இழுத்த வண்டி அது என்று தெரிந்தது.

பழைய டீசல் பிக்அப் வாங்கப் போகிறவர்கள் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டால் போதும் என்பது என் அனுபவம். நான் அதற்கு என்ன வேலை வைத்திருக்கிறேன்? அது இதுவரை என்ன வேலை பார்த்தது? எந்த மார்க், என்ன நிறம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் நம் வேலை. மருமகனிடம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். வாரம் ஒரு தடவை தீவனம், சுமார் 400 கிலோ. மாதம் இரண்டு தடவை எரு. கை டிராக்டர் 120 கிலோ. பின்பக்கத் தட்டில் இரண்டு பலகை சாய்த்து ஏற்றிவிடலாம், அதற்கு டிரெய்லரே வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் மினி டிராக்டர் தேவைப்படும். அதை டிரெய்லரில் வைத்து இழுக்கத்தான் 3.2 எஞ்சின் வேண்டும் என்றான்.

"வாரா வாரம் செய்யிற வேலைக்கு வண்டி வாங்கு. வருஷத்துல மூணு நாள் செய்யிற வேலைக்கு வாடகை கொடு" என்றேன். வாடகை டிராக்டரை அதன் சொந்தக்காரரே லோரியில் ஏற்றி வந்து இறக்கிவிடுவார்.

இழுவை விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் 3 டன், 3.5 டன் இழுக்கும் என்று போடுவார்கள். அது தனி பிரேக் உள்ள டிரெய்லருக்கான கணக்கு. பிரேக் இல்லாத சாதாரண டிரெய்லருக்குப் பெரும்பாலான பிக்அப்களின் கையேடு அனுமதிப்பது 750 கிலோ அளவுதான், டிரெய்லரின் சொந்த எடையும் சேர்த்து. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்பாரம் அதிகமானால் டிரெய்லர் வாலாட்டும், வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பொதுச்சாலையில் ஓடும் டிரெய்லருக்கு ஜேபிஜே பதிவும் வேண்டும்.

"பிக்அப்பை வெச்சே நிலத்தைக் கிளற முடியாதா மாமா? வீடியோவுல முன்னால தகடு மாட்டித் தள்றாங்களே" என்று கேட்டான். அது பனி கொட்டும் நாடுகளில் சாலைப் பனியை ஒதுக்கும் வேலை. அங்கேயும் அந்த வேலை பார்த்த வண்டி என்றால் வாங்குகிறவர்கள் யோசிப்பார்கள். முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓட்டியதில் கியர்பாக்ஸும் முன் அச்சும் தேய்ந்திருக்கும். நம் மண்ணுக்கு டிராக்டர்தான். செகிஞ்சான் வயலில் யாரும் பிக்அப்பை இறக்கி உழுவதில்லை.

அடுத்தது, வண்டியின் பழைய வேலை. நம் வட்டாரத்துப் பிக்அப்களுக்கு நாலைந்து விதமான வாழ்க்கை உண்டு. தோட்டத்தில் உரம் சுமந்த வண்டியில், உப்புத்தன்மை உள்ள அந்தத் தூள் அடிச்சட்டத்தின் மடிப்புகளில் தங்கி இரும்பை அரித்திருக்கும். தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் பக்கம் மீன் ஏற்றிய வண்டியில் ஐஸும் உப்பு நீரும் சேர்ந்து வழிந்திருக்கும். மேலே புதுச் சாயம் அடித்திருப்பார்கள். கீழே குனிந்து, பின் சக்கரத்துக்கு மேலே சட்டம் வளையும் இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். சத்தம் மந்தமாக வந்தாலோ பத்தை பத்தையாக உதிர்ந்தாலோ அந்த வண்டி வேண்டாம்.

டிரெய்லர் இழுத்த வண்டிக்கு வேறு அடையாளம். கொக்கியைக் கழற்றிவிட்டாலும் போல்ட் துளைகள் இருக்கும். துளையைச் சுற்றி வெடிப்போ வெல்டிங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். பின் ஸ்பிரிங் பட்டையில் கூடுதல் தகடு சொருகியிருந்தால் அதிக பாரம் ஏற்றிய வண்டி. ஓட்டிப் பார்க்கும்போது முதல் கியரில் கிளச் அதிர்கிறதா என்று கவனியுங்கள்.

வெள்ளத்தில் கிடந்த வண்டியும் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனை வாகனங்கள் மூழ்கின என்று நாம் கண்ணால் பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை கோடாகத் தெரியும். இருக்கையின் அடித் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, கால் விரிப்புக்குக் கீழே புழுதி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கிளப்ப வேண்டும். போனதும் முன்மூடி மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, ஆறிய பிறகு வாருங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் நீர் உள்ளே போகிறது. கறுப்புப் புகை, காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் என்பதைக் காட்டும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை அடித்தால் உள்ளே தேய்மானம். நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச் சாலையில் சோதிக்காதீர்கள். மண் பாதையில் போட்டுப் பாருங்கள். மழைக்குப் பின் செம்மண் மேட்டில் ஏற வேண்டிய நம் ஊரில் அது அலங்காரம் அல்ல.

மார்க் பற்றியும் கேட்பீர்கள். டொயோட்டா ஹைலக்ஸுக்கு உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், திரும்ப விற்றாலும் விலை போகும். அதனாலேயே வாங்கும் விலையும் கூடுதல். விகோ காலத்து 2.5, 3.0 எஞ்சின்களுக்கும், மிட்சுபிஷி டிரைட்டனின் பழைய 2.5 எஞ்சினுக்கும் டைமிங் பெல்ட். மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஓடும்போது அறுந்தால் எஞ்சினே போய்விடும். இசுசு டி-மேக்ஸின் 3.0 காமன் ரெயில் எஞ்சினுக்குச் செயின். ஃபோர்டு ரேஞ்சரின் 3.2 ஐந்து சிலிண்டர், 470 நியூட்டன் மீட்டர் விசை. இழுப்பதற்கு நல்ல பலம். நிசான் நவாராவின் 2015-க்குப் பிந்தைய இரட்டைக் கேபினில் பின்னால் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங். குடும்பத்தோடு போக சுகம், தினமும் பாரம் ஏற்றுகிறவருக்குப் பட்டையே மேல். இவற்றில் எதுவும் கெட்ட வண்டி அல்ல. கெட்ட வாழ்க்கை வாழ்ந்த வண்டிதான் கெட்ட வண்டி.

டீசல் செலவையும் பார்த்துவிட வேண்டும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஏறியது. அதன் பிறகு சந்தை விலைக்கு ஏற்ப மாறுகிறது. மாதம் 1,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தால் 150 லிட்டர். அன்றைய உயர்வில் மட்டும் மாதம் 180 வெள்ளி கூடுதல். தகுதியுள்ள தனிநபர் டீசல் வாகன உரிமையாளர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் புடி மடானி திட்டத்தில் மாதம் 200 வெள்ளி அறிவித்தார்கள். வண்டியை யார் பெயரில் பதிவது என்பதை இதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. 2019 முதல் நம் டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் உருவானது பெஸ்தாரி ஜெயா பக்கம் தெனமாரத்தில். நம்மவர் வியர்வை சிந்திய பயிர் இன்று நம் டாங்கியிலேயே ஓடுகிறது. ஆனால் பயோடீசல் நீரை ஈர்க்கும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த வண்டியை வாங்கினால் டீசல் ஃபில்டரை உடனே மாற்றி, அதில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். இன்ஜெக்டர்களுக்குத் தண்ணீர் விஷம்.

அன்று மூன்று வண்டிகளைப் பார்த்தோம். அத்தானையும் கூட்டிப் போனோம். மேருவில் அந்தக் கறுப்பு வண்டி. பெரிய டயர் மாட்டினால் மீட்டர் உண்மையான தூரத்தைவிடக் குறைவாகவே எண்ணும். அதுவும் போக, பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மீட்டரோ 90,000 என்றது. பழைய ரசீது கேட்டோம், இல்லை. "இன்னைக்கே முடிவு சொல்லுங்க" என்றார்கள். முடிவை நடந்து காட்டினோம்.

இரண்டாவது தஞ்சோங் காராங்கில். எஞ்சின் அருமை. கீழே குனிந்து தட்டினால் துரு பொலபொலவென்று கொட்டியது.

மூன்றாவது சுங்கை பூலோவில் ஒரு மின் குத்தகையாளரின் வண்டி. முதல் கை. சாயம் மங்கி, பின்பக்கத் தட்டு முழுக்கக் கீறல். டயர் கம்பெனி அளவு. ஒரு கோப்பு நிறைய ரசீது. நான் வாயைத் திறப்பதற்கு முன், அதுவரை பேசாமல் வந்த அத்தான் அவரைப் பார்த்துக் கேட்டார்:

"இதுல என்னங்க ஏத்துனீங்க?"

"வயர் ரோலு, ஏணி, ரெண்டு ஆளு. அவ்வளவுதாங்க."

அத்தான் தட்டின் கீறல்களைத் தடவிப் பார்த்தார். "வேலை செஞ்ச வண்டிதான். ஆனா மாட்டடி படல" என்றார். ஆயுள் முழுக்கக் குலையும் பாரமும் சுமந்தவருக்கு அது கையில் தெரிந்திருக்கிறது.

என் ஃபோர்மேனிடம் 150 வெள்ளி கொடுத்து ஒரு மணி நேரம் சோதித்தோம். கடன் பாக்கி, சம்மன், கிராண்ட்டில் உள்ள எண்கள் எல்லாம் சரிபார்த்தோம். புஸ்பாகோம் சோதனையும் முடிந்தது. 33,000 வெள்ளிக்குப் பேசி முடித்தோம். மிச்சம் 7,000 வெள்ளியில் 3,000 வண்டிப் பராமரிப்புக்கு, 4,000 மறுபடி அத்தான் கணக்குக்கு.

என்ன மார்க் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதைமட்டும் தேடிப் போவீர்கள். நீங்கள் தேட வேண்டியது, கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் உரிமையாளரை.

மருமகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், கூரை விளக்கு இல்லையென்று. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டு நிலத்தை உழுதுவிட்டு, கை டிராக்டர் மண்ணோடு பின்னால் நிற்க, நேராக என் வீட்டுக்கு வந்தான். கையில் 160 வெள்ளி. வருத்தம் பாதி குறைந்திருந்தது.