ஊரடங்கு முடிஞ்சிருச்சு... இந்த கிராஃப் மட்டும் ஏன் இறங்கலை?

கபசுரக் குடிநீர், இ-பாஸ், டல்கோனா காபி, மொட்டைமாடி வாக்கிங்... கொரோனா காலம் இப்போ நமக்கு மீம் கன்டென்ட் ஆகிருச்சு. தினமும் சாயங்காலம் டி.வி-யில பார்த்த தொற்று எண்ணிக்கை கிராஃப், ஏறின மாதிரியே இறங்கவும் செஞ்சது. ஆனா, அதே காலத்துல ஏறின இன்னொரு கிராஃப், லாக்டௌன் முடிஞ்ச பிறகும் இறங்கலை. அது தற்கொலை எண்ணிக்கை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியாவில் 2019-ல் தற்கொலையால் இறந்தவர்கள் 1,39,123 பேர். 2020-ல் 1,53,052. 2021-ல் 1,64,033. மாஸ்க்கை எல்லாரும் கழட்டிட்ட 2022-ல் 1,70,924. தமிழ்நாட்டில் மட்டும் 2019-ல் 13,493 ஆக இருந்தது, 2022-ல் 19,834 ஆகிவிட்டது.

`மக்கள் தொகை கூடுது, அதான் எண்ணிக்கையும் கூடுது'ன்னு இதைக் கடந்துபோக முடியாது. லட்சம் பேருக்கு 10.4 என்று இருந்த விகிதமே மூன்று வருடங்களில் 12.4 ஆகியிருக்கிறது. 2018-லிருந்து 2019-க்கு கூடியது சுமார் 4,600 பேர். 2019-லிருந்து 2020-க்கு கூடியது சுமார் 13,900 பேர். மூன்று மடங்கு!

பயந்த நேரத்தில் நடக்கலை, அப்புறம் நடந்தது

2020 மார்ச்சில் லாக்டௌன் போட்டதுமே பலரும் பயந்தது, `தனிமையில் அடைபட்டு மக்கள் விபரீத முடிவெடுப்பாங்களோ' என்றுதான். ஆனா, 21 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2021 ஏப்ரலில் `லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியான ஆய்வு வேற மாதிரி சொன்னது. கொரோனாவின் முதல் சில மாதங்களில் பெரும்பாலான இடங்களில் தற்கொலைகள் கூடவில்லை. சில இடங்களில் குறைந்தும் இருந்தன. அந்தப் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் பணக்கார நாடுகள். இந்தியா அதில் இல்லை.

அடுத்து என்ன நடக்கும்னு காட்டியது ஜப்பான். 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை அங்கே தற்கொலைகள் 14% குறைந்தன. ஜூலை முதல் அக்டோபர் வரை 16% கூடின. பெண்களிடம் அந்த உயர்வு 37%. 2021 பிப்ரவரியில், தனிமைப் பிரச்னையைக் கவனிக்கவே ஒரு அமைச்சரை நியமித்தது ஜப்பான் அரசு.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம், பேரிடரின் ஆரம்பத்தில் `எல்லாருக்கும்தான் கஷ்டம்' என்ற உணர்வு மனிதர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பது. உதவியும் வரும். நம்ம ஊரையே எடுத்துக்கோங்க. ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தாங்க. கடன் தவணைகளுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்தது. தெருவுக்குத் தெரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தாங்க.

அப்புறம் அவகாசம் முடிஞ்சது. தள்ளிப்போட்ட தவணை வட்டியோடு வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்பிட்டார், நமக்கு மட்டும் கடை திறக்கலை. `எல்லாருக்கும் கஷ்டம்' என்பது `எனக்கு மட்டும் கஷ்டம்' என்று மாறும் இடம் இது. அந்த நேரத்துல யாரும் போன் பண்ணி, `சாப்பிட்டியா?'ன்னு கேட்கிறதில்லை.

`குடும்பப் பிரச்னை'ங்கிற பெட்டி

2020 கணக்கில் காரணங்கள் பட்டியலைப் பார்த்தால், `குடும்பப் பிரச்னை' 33.6%. `கடன், திவால்' வெறும் 3.4%. அப்போ பணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?

அதே அறிக்கையில் தொழில் பட்டியலைப் பாருங்க. இறந்தவர்களில் தினக்கூலிகள் 2019-ல் 32,563 பேர், 2020-ல் 37,666 பேர், 2021-ல் 42,004 பேர். அதாவது, நான்கில் ஒருவர் தினக்கூலி. வருமானப் பட்டியலையும் பாருங்க. 2020-ல் இறந்தவர்களில் 63.3% பேரின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கும் கீழே. மாசத்துக்கு 8,333 ரூபாய்கூட இல்லை.

இந்தப் புள்ளிவிவரம் காவல் நிலையப் பதிவுகளிலிருந்து எடுக்கப்படுவது. ஒரு மரணத்துக்கு அங்கே ஒரு காரணம்தான் எழுதப்படும். வேலை போச்சு, வட்டி கட்ட முடியலை, குடி கூடியது, அதனால வீட்டுல சண்டை... இதுல எழுத்துக்கு வர்றது கடைசி சண்டை மட்டும்தான். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாதுன்னு மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வீட்டுக்குள்ளேயே இருந்தவங்களும் தப்பலை. 2020-ல் இறந்தவர்களில் 22,374 பேர் இல்லத்தரசிகள். மாணவர்கள் எண்ணிக்கை 2019-ல் 10,335, 2020-ல் 12,526. 2022-ல், பள்ளி, கல்லூரி எல்லாம் திறந்த பிறகும் 13,044.

`மனசுவிட்டுப் பேசு' மட்டும் போதுமா?

தற்கொலைத் தடுப்பு என்றாலே நமக்கு ஞாபகம் வருவது, `ஸ்பீக் அப்' ஸ்டேட்டஸ்தான். பேசுவது அவசியம். ஆனா, அது பாதி வேலைதான்.

இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தபோது, அது தற்கொலைகளைச் சுமார் 18% குறைத்தது தெரிந்தது. அது மனநலத் திட்டமே இல்லை, வறுமை ஒழிப்புத் திட்டம்! இலங்கையில் அதிக நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 1995-லிருந்து 2015-க்குள் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70% குறைந்தது. தீவிரமான அந்த எண்ணம் பலருக்கும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடக்கூடியது. அந்த நேரத்தைக் கடக்க வைத்தால் உயிர் தப்பும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இந்தியாவிலும் 2022 நவம்பரில் தேசிய தற்கொலைத் தடுப்புத் திட்டம் வந்தது. 2030-க்குள் தற்கொலை மரணங்களை 10% குறைப்பது இலக்கு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-வது பிரிவு, முயற்சி செய்து பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. `போலீஸ் கேஸ் ஆகிடும்'னு பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்க வேண்டியதில்லை. அடுத்த பேரிடர் வரும்போது நிவாரணத்தை எப்போ நிறுத்துறாங்க என்பதையும் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியா நாம கேட்கணும்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

* நேரடியாவே கேளுங்க. `நான் இல்லைன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க'ன்னு சொல்றது, பிரியமான பொருள்களை மத்தவங்களுக்குக் கொடுக்கிறது, தூக்கம் கெடுறது, திடீர்னு குடி கூடுறது... இதெல்லாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். `மச்சான், கொஞ்ச நாளா நீ சரியில்லை. செத்துடலாம்னு ஏதும் தோணுதாடா?'ன்னு கேட்கலாம். கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்சிடுவோமோன்னு பயப்பட வேண்டாம். அப்படி நடப்பதில்லைன்னு ஆய்வுகள் சொல்கின்றன.

* அட்வைஸை அப்புறம் வெச்சுக்கலாம். `இதுக்கெல்லாம் போயா?', `உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா?' ரெண்டும் வேண்டாம். முழுசா சொல்லி முடிக்க விடுங்க.

* தனியா விடாதீங்க. `ஆமா, தோணுது'ன்னு பதில் வந்தா, கூடவே இருங்க. ஆபத்தான பொருள்கள் கைக்கு எட்டாம பார்த்துக்கோங்க. அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை கிடைக்கும். `போய்ப் பாரு'ன்னு சொல்றதைவிட, பைக்ல கூட்டிட்டுப் போறது நல்லது.

* `யாருக்கும் சொல்ல மாட்டேன்'னு சத்தியம் பண்ணாதீங்க. அவங்க நம்புற ஒரு பெரியவருக்காவது தெரியணும்.

* ஆறு மாசம் கழிச்சும் கூப்பிடுங்க. வேலை போன வாரம் எல்லாரும் கூப்பிடுவாங்க. சேமிப்பு கரைஞ்ச மாசம்தான் கஷ்டம். உங்க கான்டாக்ட் லிஸ்ட்ல அப்படி ஒருத்தர் இப்பவும் இருக்கலாம்.

இதைப் படிக்கிற உங்களுக்கே அப்படித் தோணுதுன்னா, இந்த எண்களில் ஒன்றைக் கூப்பிடுங்க. தமிழ்லயே பேசலாம். `என்ன பேசுறதுன்னே தெரியலை'ன்னு ஆரம்பிச்சாலும் போதும். பக்கத்துல யாராவது இருந்தா, அவங்களை இப்போ கூடவே இருக்கச் சொல்லுங்க.

டெலி மனஸ்: 14416 (24 மணி நேரமும்)
தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண்: 104
ஸ்நேகா, சென்னை: 044-24640050