பாடியவருக்கே பாட்டு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது தமிழர் வழங்கும் பழமொழி. அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் பருத்தி விளைவித்த கறுப்பின மக்கள் இப்பழமொழியை அறியார். ஆயினும், அதன் பொருளைத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தே அறிந்தவர்கள் அவர்கள். அவர்தம் வயலிலும் குடிசையிலும் பிறந்த புளூஸ் இசைக்கும் அதே கணக்குத்தான் எழுதப்பட்டது. பாடியவர் பட்டினி கிடந்தார். பாட்டை விற்றவர் செழித்தார்.

இக்கணக்கைத் திருத்தி எழுதும் முயற்சி இன்று நடைபெற்று வருகின்றது. பெரு நிறுவனங்களின் தயவை நாடாது, தாமே பாடி, தாமே பதிவு செய்து, தம் பெயரிலேயே உரிமையை நிறுத்தி வெளியிடும் தற்சார்பு இசைஞர்கள் பெருகியுள்ளனர். அவர்களுடைய புதிய புளூஸ் இசைத்தொகுப்புகளை ஏளனமாய் நோக்குவாரும் உளர். பெரு நிறுவனம் ஏற்காதது தரம் குறைந்தது என்பர் ஒரு சாரார். புளூஸ் முடிந்துபோன இசை, புதியவை யாவும் பழையவற்றின் நகல் என்பர் மற்றொரு சாரார். கலைஞன் கணக்குப் பார்க்கலாகாது என அறிவுரை பகர்வர் வேறொரு சாரார். இம்மூன்று கூற்றும் வரலாறு அறியாமையின் விளைவே.

கணக்கேடு யார் கையில்?

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்தது. விடுதலை பெற்றோர் வாரக்குடிகளாயினர். விதையும் ஏரும் உணவும் நிலக்கிழாரின் கடையிலிருந்து கடனாக வந்தன. ஆண்டு முடிவில் பருத்தி எடை போடப்படும். கணக்கேட்டை நிலக்கிழாரே எழுதுவார். குடியானவர் இன்னும் கடன்பட்டிருப்பதாக அக்கணக்கு சொல்லும். எழுத்தறியாதவர் எவ்வாறு மறுப்பார்? எழுத்தறிந்தவரும் எந்தத் துணிவில் மறுப்பார்?

புளூஸ் இசை இச்சூழலில் பிறந்தது. அதனை வணிகப் பொருளாக்கிய இசைத்தட்டு நிறுவனங்களும் நிலக்கிழாரின் கணக்கேட்டையே கைக்கொண்டன. 1920ஆம் ஆண்டில் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேசி புளூஸ்’ இசைத்தட்டு பெருமளவில் விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவர் என்பதை நிறுவனங்கள் அன்றுதான் கண்டுகொண்டன. ‘இனத் தட்டுகள்’ என்ற தனிப்பெயரில் அவை விற்கப்பட்டன. சார்லி பேட்டன், பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் போன்ற பெரும் பாடகர்களின் குரலைப் பதிவு செய்து விற்ற பாரமவுண்ட் நிறுவனம், விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலி உற்பத்தியாளர் ஒருவரின் கிளை நிறுவனமாகும். நாற்காலி செய்தவருக்குப் பாட்டும் ஒரு சரக்கே.

பெஸ்ஸி ஸ்மித் 1923ஆம் ஆண்டு முதல் கொலம்பியா நிறுவனத்திற்காகப் பாடினார். அக்காலத்தின் புகழ்மிக்க புளூஸ் பாடகி அவரே. எனினும், பாடலுக்கு இவ்வளவு என ஒருமுறை கொடுக்கப்பட்ட தொகையே அவருக்குக் கிடைத்தது. விற்பனையில் பங்கு கிடைக்கவில்லை. 1937இல் மறைந்த அவருடைய கல்லறைக்கு 1970 வரை பெயர் பொறித்த கல்லும் இல்லை.

ராபர்ட் ஜான்சன் 1936, 1937ஆம் ஆண்டுகளில் 29 பாடல்களைப் பதிவு செய்து, 1938இல் தம் 27ஆம் அகவையில் மாண்டார். 1990இல் அப்பதிவுகள் முழுத்தொகுப்பாக வெளிவந்து பத்து இலட்சத்திற்கு மேல் விற்றன. அப்பாடகரின் மகனோ சரளைக்கல் லாரி ஓட்டிப் பிழைத்தவர். அவரே வாரிசு என்பதை மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது 2000ஆம் ஆண்டில்தான்.

ரூத் பிரவுன் என்னும் பாடகியின் கதை இன்னும் தெளிவானது. 1949 முதல் அவர் பாடிய பாடல்கள் அட்லாண்டிக் நிறுவனத்தை வளர்த்தன. பிற்காலத்தில் அவர் வீட்டு வேலை செய்து பிழைக்க நேர்ந்தது. பதிவுச் செலவு, முன்பணம் எனக் கழித்தது போக, நிறுவனத்திற்கு அவரே கடன்பட்டவர் என்று கணக்கு காட்டப்பட்டது. பருத்தி வயலின் கணக்கேடு நகரத்து அலுவலகத்திற்குக் குடிபெயர்ந்திருந்தது, அவ்வளவே வேறுபாடு. அவர் இடைவிடாது போராடியதன் பயனாக, 1988இல் அவருக்கும் அவரையொத்த கலைஞர் பலருக்கும் இருந்த கடன்களை அந்நிறுவனம் தள்ளுபடி செய்து, பின்தேதியிட்ட உரிமைத்தொகையும் வழங்க இசைந்தது.

தரம் என்னும் முதற்கூற்று

பெரு நிறுவனத்தின் முத்திரையே தரத்தின் சான்று என்போர் 2021ஆம் ஆண்டின் கிராமி விருதுகளை நினைவு கூர்தல் நன்று. மரபுவழிப் புளூஸ் இசைத்தொகுப்புக்கான விருதைப் பெற்றவர் பாபி ரஷ். அப்போது அவருக்கு அகவை 87. ‘ராவர் தன் ரா’ என்னும் அத்தொகுப்பை அவர் தம் சொந்த நிறுவனமான டீப் ரஷ் வழியாகவே வெளியிட்டார். ஒரு கிதார், ஒரு மவுத்தார்கன், தரையில் தாளமிடும் கால், முதிர்ந்த குரல் ஆகியவையே அதன் மூலதனம். அதே ஆண்டு, தற்காலப் புளூஸ் பிரிவில் விருது பெற்றவர் ஃபன்டாஸ்டிக் நெக்ரிட்டோ. அவரும் பெரு நிறுவனத்தைச் சாராதவரே.

இவ்விரண்டாமவரின் வரலாறு மாணவர் அறிய வேண்டிய ஒன்று. 1990களில் ஒரு பெரு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்து, 1996இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது, அது எடுபடவில்லை. பின்னர்க் கொடிய வாகன விபத்தில் சிக்கி, வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தார், அவருடைய கை சிதைந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. இசையையே கைவிட்டிருந்த அவர், பல ஆண்டுகளுக்குப் பின் ஓக்லண்டு நகரில் தம் நண்பர்களோடு சேர்ந்து புளூஸ் பாடத் தொடங்கினார். 2016இல் வெளிவந்த ‘ஓக்லண்டின் இறுதி நாட்கள்’ எனப் பொருள்படும் அவரது தொகுப்பு, 2017இல் கிராமி விருது பெற்றது. நிறுவனத்தின் கையில் பயன்படாத கலைஞர், தம் கையில் பயன்பட்டார். குறை கலைஞரிடமா இருந்தது?

பழமை என்னும் இரண்டாம் கூற்று

புளூஸ் பாடலின் அமைப்பு எளியது. பன்னிரண்டு தாளக்கட்டுகளில் மூன்று அடிகள் அமையும். முதலடி கூறியதை இரண்டாமடி மீண்டும் கூறும். மூன்றாமடி அதற்கு விடையிறுக்கும். இவ்வமைப்பு நூறாண்டுக்கு மேற்பட்டதாகையால், இன்று பாடுவோர் நகலெடுப்போரே என்பது எதிர்வாதம்.

வெண்பாவின் யாப்பு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதனால் இன்று எழுதப்படும் வெண்பா யாவும் நகலாகிவிடுமா? யாப்பு பொதுச்சொத்து, அதனுள் வைக்கப்படும் வாழ்வே புலவனுக்குரியது. இவ்வுண்மையைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.

ஓக்லண்டைப் பாடியவர் பருத்தி வயலைப் பாடவில்லை. வாடகை உயர்ந்து, ஏழையர் தம் சொந்த நகரிலிருந்து வெளியேற்றப்படும் இன்றைய அவலத்தைப் பாடினார். 1999இல் பிறந்த கிறிஸ்டோன் ‘கிங்ஃபிஷ்’ இங்ரம், தம் ஊராகிய கிளார்க்ஸ்டேலின் தொலைபேசிப் பகுதி எண்ணான 662 என்பதையே 2021ஆம் ஆண்டுத் தொகுப்புக்குப் பெயராகச் சூட்டினார். அவரே 2025இல் ‘ரெட் ஜீரோ’ எனத் தமக்கென ஒரு நிறுவனம் கண்டு, ‘ஹார்ட் ரோட்’ தொகுப்பை வெளியிட்டார். மண்ணும் மரபும் பழையவை, வாழ்வு புதியது, உரிமை அதனினும் புதியது.

காசு என்னும் மூன்றாம் கூற்று

கலைஞன் காசு கருதலாகாது என்பது கேட்பதற்கு இனிய அறவுரை. இவ்வறவுரையைக் கூறுவோர் அதனைக் கலைஞனுக்கு மட்டுமே கூறுகின்றனர்; நிறுவனத்தாரிடம் கூறுவதில்லை என்பதே வியப்பு.

தற்சார்பு என்பது இன்று முளைத்த பேராசையன்று. டபிள்யூ. சி. ஹேண்டி 1912இல் தம் ‘மெம்ஃபிஸ் புளூஸ்’ பாடலின் உரிமையை மிகச் சிறு தொகைக்கு விற்றார். அதன் ஊதியம் பிறரைச் சென்றடைந்தது. பட்டறிவு பெற்ற அவர், 1914இல் ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ பாடலைத் தாம் பங்குதாரராயிருந்த பதிப்பகத்தின் வழியே வெளியிட்டார். அவருடைய பங்காளி ஹாரி பேஸ் 1921இல் ‘பிளாக் ஸ்வான்’ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பினத்தார் உரிமையில் இயங்கிய அந்நிறுவனம், போட்டியைத் தாங்கவியலாது 1924இல் முற்கூறிய நாற்காலி வணிகரின் பாரமவுண்டின் கைக்குப் போயிற்று.

வில்லி டிக்சன் இயற்றிய பாடல்களை உலகப் புகழ் பெற்ற ராக் இசைக்குழுக்கள் பாடிச் செல்வம் குவித்தன. அவர் தம் பதிப்பகத்தார் மீதும் வழக்குத் தொடுத்தார். 1985இல் லெட் செப்பலின் குழுவின் மீதும் வழக்குத் தொடுத்தார். பின்னது 1987இல் உடன்பாட்டில் முடிந்தது. முதிய புளூஸ் கலைஞர்களின் உரிமையை மீட்கவும் அவர்தம் துயர் துடைக்கவும் அறக்கட்டளை நிறுவினார். காசு கருதிய இக்கலைஞரைப் பேராசைக்காரர் எனக் கூற எவர்க்கு நாவெழும்?

நடுநிலை தவறாது கூறுவதாயின், நிறுவனத்தார் அனைவரும் கள்வர் அல்லர். 1960இல் ஆர்கூலி நிறுவனத்தைத் தொடங்கிய கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ், ஃபிரெட் மெக்டவல் பாடிய பாடலொன்றை ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1971இல் எடுத்தாண்டபோது, உரிமைத்தொகை அம்முதியவரைச் சேரும்படி செய்தார். 1971இல் புரூஸ் இக்லாவர் தமக்குக் கிடைத்த 2,500 டாலர் மரபுரிமைப் பணத்தைக் கொண்டு, ஹவுண்ட் டாக் டெய்லரின் பாடல்களைப் பதிவு செய்து அலிகேட்டர் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1994 முதல் வட கரோலினாவில் இயங்கும் மியூசிக் மேக்கர் அறநிறுவனம் வறிய முதிய கலைஞர்க்கு மருந்துக்கும் உணவுக்கும் உதவி வருகின்றது. இவை யாவும் சிறிய, தற்சார்பு அமைப்புகளே என்பது கருதத்தக்கது. தற்சார்பு என்பது தனிமை அன்று. கணக்கேடு பாடியவர் கண்ணுக்குத் தெரியும்படி திறந்திருத்தலே தற்சார்பு.

புதிய கணக்கேடு

இத்துணையும் கூறியபின், தற்சார்பு இசைஞர் வெற்றி பெற்றுவிட்டனர் எனக் களிப்பது பேதைமை. பழைய நிலக்கிழாரின் இடத்தில் புதியவர் அமர்ந்திருக்கின்றார். இணையவழி இசை கேட்பிக்கும் பெருநிறுவனங்கள் உறுப்பினர் கட்டணங்களில் உரிமைத்தொகைக்கு ஒதுக்குவதைப் பெரும்பாலும் ஒரே பானையில் கொட்டி, மொத்தக் கேட்பில் அவரவர் பங்கிற்கேற்பப் பகிர்கின்றன. எனவே, மாதமெல்லாம் ஒரேயொரு புளூஸ் பாடகரை மட்டும் கேட்டவர் செலுத்திய பணமும் பெருவாரியாய்க் கேட்கப்படும் புகழ்மிக்கோரையே சென்றடைகின்றது. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல் மற்றொரு விதியையும் நடைமுறைப்படுத்தியது. ஓராண்டில் 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்குப் பதிவு உரிமைத்தொகை ஏதும் இல்லை. 999 முறை கேட்கப்பட்ட பாடல் அக்கணக்கில் பாடலே அன்று.

மாற்று வழிகளும் உள்ளன. கலைஞரிடமிருந்து நேரே வாங்கும் கடையாக விளங்கும் பேண்ட்கேம்ப், இணையவழிப் பாடல் விற்பனையில் 15 விழுக்காடு மட்டுமே எடுத்துக்கொள்கின்றது. கொள்ளைநோய்க் காலமாகிய 2020இல், குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அப்பங்கையும் விட்டுக்கொடுத்தது. ஆனால் அக்கடையும் 2022இல் ஒருவர் கைக்கும் 2023இல் வேறொருவர் கைக்கும் மாறியது. ஊழியரில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலையிழந்தனர். கடை பிறருடையதாய் இருக்கும்வரை, கதவு எந்நாளும் அடைபடலாம். ஆகவேதான், பாடலின் உரிமையைக் கலைஞர் எவ்விலைக்கும் கைவிடலாகாது எனல் வலியுறுத்தப்படுகின்றது. கடை போனாலும் விளைநிலம் எஞ்சும்.

கேட்போர் கடமை

இவ்வழக்கில் மூன்றாம் தரப்பினர் ஒருவர் உளர். அவரே கேட்பவர். பாடியவர் வஞ்சிக்கப்பட்டதற்குத் தமக்கும் பங்குண்டு என அவர் எண்ணுவதேயில்லை. இலவசமாய்க் கேட்டு மகிழ்ந்து, பாடியவர் பெயரையும் அறியாது கடந்து செல்கின்றார். விரும்பிக் கேட்ட தொகுப்பு ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் விலை கொடுத்துக் கலைஞரிடமிருந்தே வாங்குதல் கொடையன்று, கடன் தீர்த்தல்.

வகுப்பறைக்கும் இதில் இடமுண்டு. ஒரு பாடலைக் கேட்பித்து, அதன் நயத்தை விளக்கும் ஆசிரியர் பலர். அதனை ஆக்கியவர் யார், அவர் என்ன பெற்றார் என்று கூறுவோர் சிலரே. பாடலின் இனிமையைப் போலவே அதன் உரிமை வரலாறும் பாடமாதல் வேண்டும். பிறர் உழைப்பை மதிக்கக் கல்லாத மாணவன், இசையை எவ்வளவு கற்றும் பயனில்லை.

ஓர் உழக்கும் மிஞ்சாத கணக்கை மூன்று தலைமுறையாகக் கண்ட மக்களின் வழித்தோன்றல்கள், இன்று எழுதுகோலைத் தம் கையில் எடுத்துள்ளனர். அவர்தம் தொகுப்பு நன்று, தீது எனத் தீர்ப்பளிக்கும் உரிமை கேட்போர் அனைவர்க்கும் உண்டு. அவர்கள் எழுதுகோல் ஏந்தியதே தவறு எனக் கூறும் உரிமை எவர்க்கும் இல்லை.