அங்கம் குறையாதவர்களின் அங்கவீனம்

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவை இலங்கை அரசாங்கம் 2025 ஏப்ரல் முதல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தியது. இன்றைய விலைவாசியில் அது பெருந்தொகையன்று, ஆயினும் வரவேற்கத்தக்கதே. என் கேள்வி தொகையைப் பற்றியதன்று. அந்தப் பணம் யாரைக் கண்டுகொள்கிறது, யாரைக் காண மறுக்கிறது என்பதைப் பற்றியது.

கொக்கட்டிச்சோலையில் காலொன்றை இழந்த ஒருவர் விண்ணப்பத்துடன் போனால், அவருக்கு என்ன குறை என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. ஊன்றுகோல் அவருக்காகப் பேசிவிடும். பத்து ஆண்டுகளாக மனச்சோர்வினால் பாயை விட்டு எழ முடியாதிருக்கும் ஒரு பெண் போனால்? கை இருக்கிறது, கால் இருக்கிறது, கேட்டால் பதிலும் சொல்கிறாள். "உனக்கு என்ன பிள்ளை வருத்தம்?" என்பதே முதற் கேள்வியாக இருக்கும். அக்கேள்விக்கு விடை சொல்லும் வலு இருந்தால் அவள் அங்கே வந்திருக்கவே மாட்டாள், வயலுக்குப் போயிருப்பாள்.

சட்டத்தில் குறை இருப்பதாகச் சிலர் எண்ணக்கூடும். இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் ஆற்றலில் அல்லது உள ஆற்றலில் ஏற்பட்ட குறைபாட்டினால் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் எவரும் இதற்குள் அடங்குவர் என்று அன்றே சொல்லிவிட்டது. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நெடுநாள் உளக் குறைபாடு அதன் முதலாம் உறுப்புரையிலேயே இருக்கிறது. எனவே ஒருவர் மனச்சோர்வைக் காரணங் காட்டி இக்கொடுப்பனவைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஏட்டில் உள்ளதைக் கேட்கிறார், அவ்வளவே.

தடை சொல்லிலிருந்தே தொடங்குகிறது. அங்கவீனர் என்றோம், அங்கத்தை மட்டும் பார்த்தோம். பின்னர் வலது குறைந்தோர் என்றோம். இப்போது தமிழகத்திலிருந்து வந்த மாற்றுத்திறனாளி என்ற சொல் நிலைத்துவிட்டது. மரியாதையான சொல்தான். ஆனால் மூன்று நாட்களாகத் தலை வாராமல் கிடப்பவளிடம் எந்த மாற்றுத் திறனைத் தேடுவது? உறுப்புக்கு இத்தனை வீதம் என்று கணக்கிடும் பழக்கம் நம் நிருவாகத்தில் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. விரலுக்கு விலையுண்டு. உறக்கத்துக்கு இல்லை.

படுவான்கரையை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை அது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை அத்துறையில் அக்கரை போக ஓடப்பாதைதான். 1987 ஜனவரியில் இறால் பண்ணையில் வேலை செய்தோர் கொல்லப்பட்டனர். 1991 ஜூனில் மகிழடித்தீவு, முதலைக்குடாப் படுகொலை; அதற்கொரு விசாரணை ஆணைக்குழு. பின்னர் 2007 வரை ஷெல்லும் இடப்பெயர்வும். நாங்கள் பத்திரிகைகளில் இறந்தோர், காயமடைந்தோர், காணாமற்போனோர் என்று மூன்று கணக்கு எழுதினோம். நான்காவது கணக்கொன்று இருந்தது. அதற்கு நிரல் எந்தப் பத்திரிகையிலும் இல்லை, எந்தக் கச்சேரியிலும் இல்லை. 1990களில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், மக்கள் தம் துயரை அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் கொண்டுபோனதைப் பதிவு செய்தார். வேறு எங்கே கொண்டுபோவது?

"அப்படிப் பார்த்தால் படுவான்கரை முழுவதற்கும் அல்லவா கொடுக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். இக்கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. துயரம் எல்லாம் நோயன்று. போரின் வடு தனியாளுக்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கே உரியது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவந்திருக்கிறார். அதை மாத்திரையால் மட்டும் ஆற்ற முடியாது என்பதும் உண்மை. ஆனால் இழப்புக்குப் பின் அழுதுவிட்டு வேளாண்மைக்குத் திரும்பியவருக்கும், திரும்ப முடியாமற் போனவருக்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை அளக்கலாம். இந்தியா அளக்கிறது. அங்கே 2016ஆம் ஆண்டுச் சட்டம் உளநோயைப் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது. தன்னைத் தான் பராமரித்தல், பிறருடன் பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகிய நான்குக்கும் புள்ளியிட்டு, நோய் நீடித்த காலத்தையும் சேர்த்து வீதம் காண்கிறார்கள். குறைகள் உள்ள முறைதான். ஆனால் அது காலை எண்ணவில்லை.

அடுத்தது, "நடிப்பார்கள்" என்ற வாதம். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு முறை, வைத்தியச் சான்றுக்கு ஒரு முறை, சமூக சேவைப் பிரிவுக்கு ஒரு முறை என்று அலைந்து, ஊரார் முன் "விசர்" என்ற பெயரையும் வாங்கி, மகளின் கலியாணப் பேச்சில் அது வந்து நிற்பதையும் பொறுத்து, மாதம் 10,000 ரூபாவுக்காக ஒருத்தி நடிப்பாளாம்! தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்று பறங்கியர் காலத்துக் கதையை நம்பும் ஊர் நம்முடையது. நானும் பக்தியோடு கேட்டு வளர்ந்தவன்தான். ஒரு பெண்ணால் எழுந்திருக்க முடியவில்லை என்பதை நம்புவது அவ்வளவு கடினமா?

இலண்டனில் இதை வாசிப்போருக்கு இந்த வழக்குப் புதிதன்று. பிரித்தானிய அரசு 2017இல் தன் உதவிப்பண விதிகளைத் திருத்தி, உளத்துயரினால் தனியே பயணம் செய்ய முடியாதவர்களுக்கு உரிய புள்ளிகளை மறுத்தது. அது பாரபட்சமானது, சட்டத்துக்கு முரணானது என்று அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசும் மேன்முறையீடு செய்யாது விட்டது. வளமுள்ள நாட்டிலேயே உள்ளத்து நோய்க்கு வழக்காட வேண்டியிருந்தது. அங்கே உறவினர் ஒருவர் இத்தகைய உதவிப்பணம் பெறுவதை நீங்கள் ஊரில் சொல்வதில்லை. சொல்லுங்கள். வெட்கம் கலைவதற்கு அதுவும் ஒரு வழி.

வேண்டுவது புதுச் சட்டமன்று. உளநோயாளரைப் பற்றி நம்மிடம் உள்ள சட்டம் 1873ஆம் ஆண்டினது என்பது தனிக் கதை. இன்னொரு நாள் அதற்கு வருகிறேன். இப்போது வேண்டியது சிறியது. இந்நோயின் இயல்பே விண்ணப்பிக்கும் வலுவைப் பறிப்பதுதான். ஆகவே நோயாளி அலுவலகத்தைத் தேடிப் போகக்கூடாது. உளநலக் கிளினிக்கில் மருந்தெடுப்பவரின் விண்ணப்பத்தை அங்கேயே, தமிழில், உத்தியோகத்தர் ஒருவர் நிரப்பி அனுப்பட்டும். அவர் என்ன செய்ய முடிகிறது, எத்தனை காலமாக முடியவில்லை என்பதை வைத்தியர் எழுதட்டும். நோயின் பெயர் அந்த மேசையைத் தாண்டிப் பயணம் செய்யத் தேவையில்லை. நல்ல நாளொன்றில் அவர் சந்தையில் நின்று சிரித்ததைக் கண்டோம் என்பதற்காகக் கொடுப்பனவை நிறுத்தவும் கூடாது. கணக்கும் அவர் விண்ணப்பித்த நாளிலிருந்து தொடங்க வேண்டாம். கிளினிக் புத்தகத்தில் முதலாவதாக எழுதப்பட்டிருக்கும் திகதியிலிருந்து தொடங்கட்டும்.