லாலாங் வேரும் ரத்தப் புற்றுநோயும்



லாலாங் புல்லைத் தெரியாதவர் நம்மில் யார்? மேலே எவ்வளவு வெட்டினாலும் மண்ணுக்குள் கிடக்கும் வேர் சாகாது. ஒரு மழை போதும், திரும்ப முளைத்து நிற்கும். புற்றுநோயிலும் அப்படி ஒரு வேர் உண்டு. அதுதான் புற்றுநோயின் தாய் அணு.

சி.எம்.எல். என்னும் ரத்தப் புற்றுநோயைப் பாருங்கள். எலும்பு மஜ்ஜையில் ஒரு தாய் அணுவுக்குள் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிவிடுகின்றன. அதனால் ஒரு கெட்ட என்சைம் பிறந்து, 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் உத்தரவு போடுகிறது. அந்த என்சைமுக்கு ஏ.டி.பி. என்ற எரிபொருள் வேண்டும். எரிபொருள் வந்து உட்காரும் பள்ளத்துக்கு அளவெடுத்துச் செய்த மருந்துதான் இமாட்டினிப். மருந்து அங்கே உட்கார்ந்துவிட்டால் என்சைம் வாயடைத்துப் போகும். 2001-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. சில வருஷத்தில் உயிரை வாங்கிய நோய், இன்று தினம் மாத்திரை போட்டுக்கொண்டு பலர் வேலைக்கும் போகும் நோயாகிவிட்டது.

ஆனால் மஜ்ஜையில் தூங்கும் தாய் அணுக்களை இது முழுசாகக் கொல்வதில்லை. நோய் நன்றாக அடங்கியவர்களுக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்த பிரான்ஸ் நாட்டு ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அதில் பாதிப் பேருக்கு மேல் நோய் திரும்பியது. டாக்டர்கள் விடாமல் ரத்தம் சோதித்ததால் உடனே பிடித்து, மருந்து கொடுத்து அடக்கினார்கள். "உடம்புதான் நல்லா இருக்கே, எதுக்கு மாத்திரை?" என்று நாமாக நிறுத்தினால் யார் சோதிப்பது? வேரையே குறிவைக்கும் என்சைம் தடுப்பு மருந்துகளை விஞ்ஞானிகள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது வரும்வரை மாத்திரையை விடக்கூடாது.

தொழிலாளி மாத்திரையை விடுவதற்கு அறியாமை மட்டும் காரணமா? இல்லை. விலையும் காரணம். 2013 வாக்கில் இந்தியாவில் கம்பெனி மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. உள்நாட்டு மருந்தோ 8,000 முதல் 10,000 ரூபாயாகத்தான் இருந்தது. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கம்பெனி கேட்ட காப்புரிமையை மறுத்தது. நம் மலேசிய அரசாங்கமும் 2017-இல் கல்லீரல் அழற்சி 'சி' மருந்துக்குக் காப்புரிமைக்காரரின் சம்மதமில்லாமலே மலிவு மருந்துக்கு வழி திறந்தது. போராடினால் விலை இறங்கும் என்பதற்கு இவை சாட்சி.

விலை இறங்கினால் மட்டும் போதுமா? நீலாயிலிருந்து சிரம்பானுக்கோ அம்பாங் ஆஸ்பத்திரிக்கோ போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு, பஸ் காசு வேறு. சட்டப்படி வேலைக்கால அளவைப் பொறுத்து வருஷத்துக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மறு பரிசோதனைக்குப் போகும் நாளுக்கும் கூலி வேண்டும் என்பதை அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் நாம் எழுதி வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

தாய்மார்களே! வீட்டில் யாருக்காவது காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், ராத்திரியில் வியர்த்துக் கொட்டினால், இடது வயிறு கனத்தால், ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், இன்றைக்குப் போட்டாரா என்று தினமும் கேளுங்கள்.

மேலே பச்சை தெரியவில்லை என்பதற்காக வேர் செத்துவிட்டதாக நினைக்காதீர்கள்!