ராஜா வேண்டாம், கொள்ளுப்பாட்டியின் பெயர் வேண்டும்

சாதிச் சங்க மாநாடுகளில் ஒரு வாசகம் தவறாமல் ஒலிக்கிறது: "நாங்கள் ஆண்ட பரம்பரை." அதைக் கேட்டுக் கேட்டு நம் இளைஞர்களில் சிலரும் "நாமும் ஆண்டவர்கள்தான்" என்று நிரூபிக்கக் கல்வெட்டுகளைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். நம் முன்னோரில் அரசர்கள் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு ராஜாவைக் கண்டுபிடித்து நாம் என்ன செய்யப் போகிறோம்? ஆண்டவன் பேரன் உயர்ந்தவன், உழைத்தவன் பேரன் தாழ்ந்தவன் என்பது ஆதிக்க சாதியின் அளவுகோல். அதே கோலால் நம்மையும் அளந்துகொள்வது சாதி ஒழிப்பு ஆகாது.

முன்னோரைத் தேட வேண்டும் தோழர்களே. ஆனால் வேறு கேள்விகளோடு தேட வேண்டும். அவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள்? யார் நிலத்தில் உழைத்தார்கள்? அவர்கள் பெயரில் நிலம் இருந்ததா? இருந்தால், அது எப்படிக் கை மாறியது?

தேடத் தொடங்கியதும் ஒன்று புரியும். ஆவணங்கள் நமக்காக எழுதப்பட்டவை அல்ல. பட்டாவில் நிலம் வைத்திருந்தவன் பெயர் இருக்கும். அதை உழுத பண்ணையாளின் பெயர் இருக்காது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கும்வரை, நம் மக்களில் பலர் விற்கவும் அடகு வைக்கவும் கூடிய சொத்தாக இருந்தார்கள். அந்த அடிமை ஓலைகளில் விற்கப்பட்டவர்களாகவே சில பெயர்கள் எஞ்சியிருக்கின்றன. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' நூலை ஆய்வு மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

எனவே அடுத்தவர் ஆவணங்களுக்குள் நம்மவர்களைத் தேடப் பழக வேண்டும். பழைய கிரயப் பத்திரங்களில் செக்குபந்தி என்று நான்கெல்லை எழுதியிருப்பார்கள். "இன்னாருடைய நிலத்துக்குக் கிழக்கு" என்ற வரியில் உங்கள் பாட்டன் பெயர் இருக்கலாம். அவர் பத்திரம் தொலைந்திருந்தாலும், அங்கே அவருக்கு நிலம் இருந்தது என்பதற்கு அடுத்தவர் பத்திரம் ஒரு தடயம். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் அப்படித்தான். பெற்றோர் பெயரும் ஊரும் பல இடங்களில் அவற்றில் கிடைக்கின்றன.

கடல் கடந்து போனவர்களின் பதிவுகள் இன்னும் விரிவானவை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அதோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உயரம், உடலில் உள்ள தழும்பு. தப்பி ஓடினால் பிடிப்பதற்கும் கணக்கு வைப்பதற்கும் உதவிய விவரங்கள் இவை. இன்று அதே பட்டியலை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தங்கள் பூர்வீக ஊரைத் தேடி வருகிறார்கள்.

கப்பலேறிய பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் தனிப்பெயரும் தனி எண்ணும் உண்டு. ஊரிலேயே தங்கி நாற்று நட்ட அவள் தங்கையின் பெயரை நிலக் கணக்கில் காண்பது அரிது. நம் தாலுகாவிலிருந்து போனவர்களை அந்தப் பட்டியல்களில் தேடினால், இங்கே மிஞ்சிய குடும்பங்களுக்கும் ஒரு நூல் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: கப்பலேறும்போது சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. அதைப் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் சாதிப் பத்தியை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையை அடுத்து, 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. அந்த நிலத்தைத் தலித் அல்லாதவருக்கு விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. இன்று அதில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். அதை மீட்கக் காரணையில் போராடியதற்காக 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 1980களில் நடந்த யு.டி.ஆர். பணிக்குப் பிந்தைய பதிவேட்டை மட்டும் பார்த்தால் உண்மை தெரியாது. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பழைய அ பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். டி.சி. நிலம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் "இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பினால் நம்பாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது.

தேடும்போது வலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் 'ஆதி திராவிடர்' என்ற பெயர் அரசு ஆவணங்களுக்குள் வந்தது. அதற்கு முந்தைய தாள்களில் பறையன், பஞ்சமன் என்றே எழுதியிருப்பார்கள். எண்பது வயதுப் பெரியவரையும் 'அவன்' என்றே எழுதியிருப்பார்கள். படிக்கும்போது கோபம் வரும், வரட்டும். ஆனால் தாளை மூடிவிடாதீர்கள். அந்த வசவுக்குப் பக்கத்தில்தான் நாம் தேடும் பெயர் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் ஆயாவையும் தாத்தாவையும் உட்கார வைத்துக் கேளுங்கள். குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது, எந்தப் பஞ்சத்தில் இங்கே வந்தார்கள், பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் எவை, யார் வீட்டில் பண்ணையம் பார்த்தார்கள், எந்த மரத்தடியில் யாரைப் புதைத்தார்கள் என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெயர் தெரியாமல் எந்தக் காப்பகத்திலும் எந்தக் கட்டைப் பிரிப்பது? காப்பகத்துத் தாள் இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கும். ஆயா காத்திருப்பாரா?

இந்த விடுமுறையில் ஒரு சேரி, ஒரு நோட்டு என்று தொடங்குவோம். ஒவ்வொரு வீட்டிலும் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதுவோம். தகப்பன் வழியை மட்டும் எழுதி நிறுத்தாமல், தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று தாய் வழியையும் எழுதுவோம். நாளை நிலம் கேட்டுப் போகும்போது ஆண்ட கதை உதவாது. புல எண்ணும் பாட்டன் பெயரும் உதவும்.