முன்னால் இரும்பு வேண்டாம், அடியில் போடுங்கள்

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் உதிரி, அலங்காரக் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. புது தாரோ ஜிம்னியோ அங்கே வந்து நின்றால், பேச்சு பெரும்பாலும் முன்பக்கத்தில்தான் தொடங்கும். கறுப்புப் பூச்சுப் பூசிய இரும்பு பம்பர், அதன்மேல் வளைந்த குழாய், குழாயில் வரிசையாக விளக்குகள். வண்டியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்க்கும் வாடிக்கையாளர் அபூர்வம். அவரைக் குனியச் சொல்லும் கடைக்காரர் அதைவிட அபூர்வம்.

இந்த வண்டிகள் யார் கைக்கு வந்திருக்கின்றன என்பதை யோசித்தால் இது கவலைக்குரியது. ஒரு காலத்தில் ஜீப் என்றால் எஸ்டேட், வனத்துறை, மின்வாரியம். 2020 அக்டோபர் 2 அன்று மகிந்திரா இரண்டாம் தலைமுறை தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2023 ஜூனில் மாருதியின் ஐந்து கதவு ஜிம்னியும், 2024 ஆகஸ்டில் தார் ராக்ஸும் வந்தன. வாரத்தில் ஐந்து நாள் பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் அலுவலகம் போய்வந்து, சனிக்கிழமை விடியலில் கொல்லிமலைக்கோ ஏலகிரிக்கோ கிளம்பும் குடும்ப வண்டியாக ஜீப் மாறிவிட்டது. அது மலையில் இருக்கும் நேரம் கொஞ்சம். பள்ளிக்கூட வாசலிலும் சிக்னலிலும் சந்தைத் தெருவிலும் இருக்கும் நேரமே அதிகம். அதில் எதைப் பூட்டுவது என்ற முடிவை அந்தத் தெருக்களில் நடப்பவர்களை மனதில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முன்பக்க இரும்பைச் சட்டம் எப்போதோ தடுத்துவிட்டது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர் 7 அன்று எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, அனுமதியின்றிப் பொருத்தப்படும் புல் பார், கிராஷ் கார்டு எல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு எதிரானவை, நடவடிக்கை எடுங்கள் என்றது. உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதே அந்தப் பிரிவின் சாரம். 2019-ல் சட்டம் திருத்தப்பட்டபோது, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றானது. ஆனாலும் குழாய்கள் குறைந்தபாடில்லை.

தடைக்கான காரணங்களை நம் போக்குவரத்துத் துறை மக்களிடம் சரியாக எடுத்துச் சொல்லவே இல்லை. இன்றைய காரின் முகப்பு கசங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகிறது. மோதும்போது அது நசுங்கி நசுங்கி வேகத்தைத் தின்கிறது. எப்போது ஏர்பேக் விரிய வேண்டும் என்பதை உணர்கருவிகள் அந்த நசுங்கலின் போக்கை வைத்தே முடிவு செய்கின்றன. சேசிஸோடு நேராகப் பூட்டிய இரும்புச் சட்டம் அந்தக் கணக்கைக் குலைக்கிறது. ஏர்பேக் தாமதமாகலாம், அடி நேராக உள்ளே இருப்பவர்களுக்குப் போகலாம். வெளியே இருப்பவர் நிலை இன்னும் மோசம். பிளாஸ்டிக் பம்பரும் மெல்லிய பானட்டும் கொஞ்சமாவது வளைந்து கொடுக்கும். இரும்புக் குழாய் கொடுக்காது. குழந்தையின் தலையும் பெரியவரின் இடுப்பும் சரியாக அதன் உயரத்தில்தான் இருக்கின்றன.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அமைச்சகத்தின் அறிக்கைப்படி அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இப்படிப்பட்ட சாலையில் தினமும் ஓடும் வண்டியின் முகத்தில் ஒரு இரும்புச் சட்டத்தை ஏந்திக்கொண்டு போவதற்கு, 'மாடு குறுக்கே வந்தால்?' என்பது போதுமான பதிலாகாது. மாடு குறுக்கே வரும் என்று தெரிந்த சாலையில் வேகத்தைக் குறைப்பதுதான் பதில். பார்க்கிங்கில் படும் கீறல் ஒரு பம்பர் மாற்றும் செலவோடு முடிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் எல்லோரும் போடுகிறார்களே என்ற வாதமும் அடிக்கடி வரும். அங்கே ஆளரவமற்ற நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாலையில், இருட்டில், 100 கிலோமீட்டர் வேகத்தில் கங்காரு குறுக்கே பாய்கிறது. ரேடியேட்டர் உடைந்தால் உதவிக்கு ஆள் வரப் பல மணி நேரம் ஆகும். அந்த நாட்டின் புல் பார்களுக்கு ஏஎஸ் 4876 என்று தனித் தர நிர்ணயம் இருக்கிறது. எந்த மாடலுக்கு எந்தச் சட்டம், ஏர்பேக் உணர்கருவியோடு எப்படி ஒத்துப்போக வேண்டும் என்றெல்லாம் பார்த்துத்தான் நல்ல நிறுவனங்கள் அங்கே செய்கின்றன. ஐரோப்பிய ஒன்றியமோ 2005-லேயே, பாதசாரிப் பாதுகாப்புச் சோதனையில் தேறாத முன்சட்டங்களுக்குக் கதவடைத்தது. நம் ஊர் வெல்டிங் பட்டறையில் அளவெடுத்து வளைக்கும் குழாய் இந்த இரண்டிலும் சேராது.

எடை என்பது இன்னொரு பெரிய விஷயம். ஐந்து கதவு ஜிம்னியின் சொந்த எடை ஏறத்தாழ 1,200 கிலோ. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 1,545 கிலோ. இடையில் மிஞ்சுவது 345 கிலோ மட்டுமே. நான்கு பெரியவர்கள் ஏறினாலே 280 கிலோ ஆகிவிடும். முன்னால் இரும்பு பம்பரும் அதன்மேல் வடம் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச்சும் வைத்தால் மீதி இருந்ததும் போச்சு. அதன்பின் கூரைமேல் ஒரு கேரியர், அதில் இரண்டாவது ஸ்டெப்னி, தண்ணீர் கேன், கூடாரம். பிரேக் பிடிக்கும் தூரம் நீள்கிறது, வளைவில் வண்டி சாய்கிறது, முன் ஸ்பிரிங் தொய்கிறது. திங்கள்கிழமை காலையில் மழையில் நனைந்த மேம்பாலத்தில் திடீரென பிரேக் போடும்போது இதெல்லாம் தெரியவரும்.

சரி, எங்கேதான் பாதுகாப்பு தேவை? கொழுக்குமலைக்குப் போய்வந்தவர்களுக்கு விடை தெரியும். தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. விடியலுக்கு முன் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பழைய மகிந்திரா ஜீப்புகள் உருளும் கற்களின்மேல் ஊர்ந்து போகின்றன. அந்த ஓட்டுநர்களின் வண்டியைப் பார்த்தால் அலங்காரம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. லோ கியரில், எந்தக் கல்லின்மேல் எந்தச் சக்கரத்தை ஏற்றுவது என்ற கணக்கோடு போகிறார்கள். அந்தப் பாதையில் அடி வாங்குவது ஆயில் சேம்பர், கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், டிஃபரன்ஷியல், டீசல் டாங்கு, கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பு ஆகியவைதான். முன் கிரில்லை எந்தக் கல்லும் எட்டி உதைப்பதில்லை.

அதனால் அடித்தகட்டுக்குத்தான் முதல் செலவு. கம்பெனியில் வரும் மெல்லிய தகடு சேறு தெறிப்பதைத் தடுக்கும், கல்லைத் தாங்காது. நான்கைந்து மில்லிமீட்டர் இரும்புத் தகடு அல்லது ஆறு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு கல்லைத் தாங்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு அலுமினியமே நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் எடை ஏறத்தாழ பாதிதான். ஆயில் இறக்கும் துளைக்கு நேரே திறப்பு இருக்கிறதா, உள்ளே சேரும் சேறு வடிய வழி இருக்கிறதா என்று வாங்கும் முன் படுத்துப் பார்க்க வேண்டும். சேறு உள்ளேயே காய்ந்தால் சூடு வெளியேறாது, துருவும் பிடிக்கும். பக்கவாட்டில் ஏற உதவும் அழகுப் படி ஒரே கல்லில் கதவோடு சேர்ந்து மடங்கும். சேசிஸில் பூட்டப்படும் ராக் ஸ்லைடர் வண்டியின் எடையையே தாங்கக்கூடியது. ஆனால் இதற்கும் சட்டப் பாதுகாப்பு இங்கே தெளிவாக இல்லை. தயாரிப்பாளரே அங்கீகரித்த உபகரணமாக இருந்தால் அதை வாங்குவதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பாலிசியில் ஏற்றுவதும் பிற்பாடு வரும் தகராறைக் குறைக்கும்.

அடுத்தது காற்று. வண்டியை மீட்கும் கருவிகளில் மிக மலிவானது டயர் பிரஷர் கேஜ். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும்வரை, தனுஷ்கோடிக்கு மணல் வழியே வேன்களும் ஜீப்புகளும்தான் ஆளேற்றிப் போயின. அப்படிப்பட்ட மணலில் 30 பிஎஸ்ஐ காற்றோடு இறங்கும் டயர் மணலைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு கீழே போகிறது. 18-க்கு இறக்கினால் டயர் தட்டையாகி, மணலைத் தொடும் பரப்பு நீள்கிறது. அதே வண்டி, அதே ஓட்டுநர், மேலேயே மிதந்து போகும். மீண்டும் சாலை ஏறும் முன் காற்றை நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறும், திருப்பத்தில் ரிம்மை விட்டே கழலலாம். எனவே கேஜோடு பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய கம்ப்ரசரும் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு கைப்பையில் அடங்கும். நகரத்தில் இரவு பஞ்சரானாலும் உதவும்.

இன்னொரு கடமையும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அந்த மணலில் வண்டி இறக்காமலிருப்பது எந்தத் திறமையையும்விட மேலானது.

காற்றை இறக்கியும் வண்டி நகராவிட்டால் அடுத்து மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மேட்டை வெட்டி எடுத்து, டயருக்கு அடியில் பற்றுப் பலகையைச் செருகினால் பெரும்பாலான சிக்கல் அங்கேயே தீரும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2005-ல் தொடங்கிய மேக்ஸ்ட்ராக்ஸ் இந்தப் பிளாஸ்டிக் பலகைகளை உலகம் முழுக்கப் பரப்பியது. இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. தனியாகச் சிக்கிய ஒருவர் இன்னொரு வண்டியின் தயவில்லாமல் வெளியே வர இதைவிடப் பாதுகாப்பான வழி குறைவு.

இழுப்பது கடைசி. உயிர் போகும் இடமும் அதுவே. நம் ஊரில் கைக்குக் கிடைத்த லாரிச் சங்கிலியை, இரும்புக் கயிற்றை, நைலான் கயிற்றை எடுத்து, ஆக்சிலிலோ பம்பரிலோ ஸ்டியரிங் ராடிலோ கட்டி ஒரே உதறலாக இழுப்பார்கள். சங்கிலி நீளாது. அதனால் முழு அதிர்ச்சியும் ஒரே நொடியில் கொக்கியில் இறங்கும். கொக்கி பிய்ந்தால் அது குண்டாகப் பறந்து பின்கண்ணாடியைத் துளைக்கும். அதிர்ச்சியோடு இழுக்கவென்றே நெய்த நைலான் பட்டை ஏறத்தாழ 20 சதவீதம் நீளும். கைனடிக் கயிறு 30 சதவீதம் வரை நீளும். நீண்டு சுருங்கும்போது அது சேமித்த விசையே புதைந்த வண்டியை மெதுவாகப் பிடுங்குகிறது. இரண்டில் இலேசான வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு தாங்கும் பட்டையாக இருக்க வேண்டும். பட்டையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளில் 3.25 டன் அல்லது 4.75 டன் என்று தாங்குதிறன் பொறித்திருக்க வேண்டும். பொறிக்காத ஷேக்கிளை வாங்கவே கூடாது. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையை மாட்டி இழுத்து, உருண்டை பிய்ந்து பறந்து ஆஸ்திரேலியாவில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே மீட்புப் பட்டையின்மேல் தாங்குதிறனும் எச்சரிக்கையும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது கட்டாயம். இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. செல்போனில் படமெடுக்க நெருங்கி நிற்கும் நண்பர்களை முதலில் விரட்ட வேண்டும்.

வின்ச் தினசரி வண்டிக்குத் தேவைப்படாது. தார் போன்ற வண்டியில் பரவலாகப் பூட்டப்படும் 9,500 பவுண்டு வின்ச், இரும்பு வடத்தோடு 40 கிலோ வரை வரும். முழுச் சுமையில் 400 ஆம்பியர் அளவுக்குப் பேட்டரியை உறிஞ்சும். அதை வைக்க மறுபடி அந்த இரும்பு பம்பரே வேண்டும். குழுவாகப் போகிறவர்களில் ஒருவரிடம் இருந்தால் போதும்.

மழைக்காலச் சென்னைக்காக ஸ்னார்க்கல் மாட்டுவோர் பெருகியிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, அந்தப் பயம் நியாயமானது. ஃபோர்ஸ் கூர்க்காவில் தொழிற்சாலையிலேயே ஸ்னார்க்கல் வருகிறது. தாருக்கு நிறுவனம் சொல்லும் தண்ணீர் ஆழம் 650 மில்லிமீட்டர். ஸ்னார்க்கல் என்ஜின் மூச்சிழுக்கும் வாயை உயர்த்தும், அவ்வளவுதான். டிஃபரன்ஷியலின் காற்றுக்குழாய், மின்னிணைப்புகள், கதவு ரப்பர் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கும். தண்ணீரின் அடியில் திறந்து கிடக்கும் சாக்கடை மூடியை எந்தக் குழாயும் காட்டாது. பெரிய வண்டி எழுப்பும் அலை பக்கத்தில் தத்தளிக்கும் ஸ்கூட்டரைக் கவிழ்க்கும், வீடுகளுக்குள் புகும்.

இந்தக் கருவிகளைப் பெட்டியில் வைத்துத் தரையோடு கட்ட வேண்டும். கட்டாத இரும்பு ஷேக்கிள், விபத்தில் பின்சீட்டிலிருக்கும் பிள்ளையின் தலையை நோக்கி வரும். வார நாட்களில் கம்ப்ரசரும் முதலுதவிப் பெட்டியும் தவிர மற்றதை வீட்டிலேயே இறக்கி வைக்கலாம்.

இதில் அரசுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் பங்கு உண்டு. இன்றைய நிலையில் பாதசாரியை நசுக்கும் குழாய், ஆயில் சேம்பரைக் காக்கும் தகடு இரண்டுமே மொத்தமாகச் சந்தேகத்துக்குரிய 'மாற்றம்'. முன்சட்டத்துக்கான தடை இருக்கட்டும், இன்னும் கடுமையாக அமல்படுத்தட்டும். அதே கையோடு அடித்தகடு, ராக் ஸ்லைடர், மீட்புப் பட்டை, ஷேக்கிள் ஆகியவற்றுக்கு இந்தியத் தர நிர்ணயம் எழுதி, அதில் தேறியவற்றை வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும். நான்கு சக்கர இழுவை என்று விளம்பரம் செய்து வண்டி விற்கும் நிறுவனங்கள், முன்னும் பின்னும் சேசிஸோடு சேர்ந்த மீட்புக் கொக்கிகளைக் கொடுத்து, அவை எத்தனை டன் தாங்கும் என்ற எண்ணைக் கொக்கியிலேயே பொறித்து, கையேட்டிலும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அச்சிட வேண்டும். ஷோரூமில் வண்டி பார்க்கப் போகிறவர்கள் சன்ரூஃப் பற்றிக் கேட்கும் முன் அந்த எண்ணைக் கேட்கத் தொடங்கட்டும்.